மாமனார் அடைத்த தோட்டா

"நூத்தி நாப்பது மீட்டர், மாமா. பைன் மரத்து உச்சாணியில உக்காந்திருந்துச்சு. ஒரே குண்டு. உங்க தோட்டாவ அடிச்சுக்க ஆளே இல்ல," என்றபடி மெர்வி காட்டுச்சேவலைச் சமையலறை மேசையில் கிடத்தினாள். நாலு கிலோ தாராளமாகத் தேறும்.

மாமனார் ஒஸ்மோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு பறவையின் நெஞ்சை விரலால் தடவினார். குண்டு போன இடமும் வந்த இடமும் சின்னதாக இருந்தன, கறி சிதறவில்லை. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு எங்கே என்று கேட்டார். பனியில் விழுந்துவிட்டது என்றாள் மெர்வி. வழக்கம்போல அவர் அதற்குமேல் துருவவில்லை.

சொல்லிவிட்டு மெர்வி பூட்ஸைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். அவள் சுட்டது மாமனாரின் தோட்டா அல்ல, டவுன் கடையில் வாங்கியது. மூன்று குளிர்காலமாக இதே பொய்தான், இதே குனிதல்தான்.

அந்தத் துப்பாக்கி என்றால் அவளுக்கு உயிர். பென்சிலைவிட மெல்லிய குண்டு. தோளில் மாட்டியிருப்பதே தெரியாத எடை. பனிச்சறுக்கில் நாளெல்லாம் காட்டைச் சுற்றலாம். அவள் மருமகளாக வந்த வருஷம் வாங்கிக் கொடுத்தவர் ஒஸ்மோ. பறவைக் கறி கெடாதபடி வெடிமருந்தைக் குறைத்து நிறுத்து, அதற்கென்றே தோட்டா அடைத்துக் கொடுத்தவரும் அவரே.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் கொடுத்த தோட்டா ஒன்று வெடித்த வெடியில் துப்பாக்கியின் பூட்டு இறுகிக்கொண்டது, கன்னத்தில் சூடாகப் புகை அடித்தது. குறைக்க வேண்டிய மருந்து கூடியிருந்தது. அவருக்குக் கண் மங்குகிறது என்று மெர்விக்குப் புரிந்தது. ஆனால் ஊரிலேயே துல்லியமான கை என்று பேர் வாங்கிய மனிதரிடம் அதை எந்த வாயால் சொல்வது?

அன்றிலிருந்து அவர் தரும் பெட்டிகள் எல்லாம் உருளைக்கிழங்குக் கிடங்கில் சாக்குக்கு அடியில் போயின. அவரோ சலிக்காமல் அடைத்துக்கொண்டிருந்தார். டவுனுக்குப் போகும்போதெல்லாம் குண்டு வாங்கி வா, கேப்பு வாங்கி வா என்பார். மருந்து வேண்டாமா என்றால் இருக்கிறது என்பார். தோட்டாவின் அடியில் பொறி தட்டுகிற அந்தக் கேப்புகளை ஒரு கிண்ணம் எண்ணெயில் ஊறப்போட்டு வைத்திருப்பார். துருப் பிடிக்காமலிருக்கப் போலும் என்று மெர்வி நினைத்துக்கொள்வாள்.

இன்றைக்கு வினை, அடுப்போரம் காப்பி குடித்துக்கொண்டிருந்த பக்கத்துப் பண்ணை ரவுனோ உருவில் வந்தது. அவன் மகள் ஈரிஸ் இந்த வருஷம்தான் வேட்டைக்கு உரிமம் வாங்கியிருக்கிறாள். அவளுடையதும் இதே வகைத் துப்பாக்கி. மெர்வி ஊரெல்லாம் புகழ்கிற தோட்டாவில் ஒரு பெட்டி தன் பெண்ணுக்கும் வேண்டும் என்றான்.

"கஞ்சத்தனம் பண்ணாதீங்க, ஒஸ்மோ அண்ணே. நாளைக்குக் காலையில முதல் முதலா காட்டுக்குப் போறா," என்றான்.

ஒஸ்மோ அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். ரவுனோவைப் பார்க்கவில்லை, மருமகளைத்தான் பார்த்தார்.

"சுட்டுப் பாத்தவ நீதான். குடுக்கலாமா, மெர்வி?"

அவள் வாய் திறப்பதற்குள், தோட்டா சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவிடலாம், காரிலிருந்து துப்பாக்கியை எடுத்து வருகிறேன் என்று ரவுனோ வெளியே போனான். முற்றத்துப் பனி அவன் காலடியில் நொறுங்கும் சத்தம் கேட்டது. போய்வர இரண்டு நிமிஷம்.

ஈரிஸின் கன்னம் மெர்வியின் கண்முன்னால் வந்தது. தன் கன்னத்தில் அன்று அடித்த புகை, ஒரு விரல்கடை மேலே அடித்திருந்தால் கண். புகழ்ந்து புகழ்ந்து ஒரு பெண்பிள்ளையின் கண்ணுக்கு உலை வைத்தது தன் வாய்தான். வெட்கத்தில் காதுமடல் வரை எரிந்தது.

பெட்டியின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"குடுக்காதீங்க, மாமா. நான் இப்ப இதச் சுடறதே இல்ல. கடையில வாங்கித்தான் சுடறேன். உங்க மனசு நோகுமேன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் முகத்தைப் பார்க்கத் துணிவின்றி மெர்வி மேசையிலிருந்த பறவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டார். மூன்று வருஷமாக என்றாள். அந்தக் குரல் அவளுக்கே கேட்டிருக்காது. வெளியே கார்க் கதவு சாத்தப்பட்டது.

திட்டட்டும், பெட்டியைத் தூக்கி எறியட்டும் என்று அவள் காத்திருந்தாள். ஆனால் கிழவரின் காது மடல்தான் சிவந்துகொண்டு வந்தது.

"அந்த வருஷந்தான் தராசு முள்ளு எனக்குத் தெரியாமப் போச்சு," என்றார் மெல்ல. "சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீயே ஒருநாள் வந்து கேப்ப, அப்ப ஒத்துக்கலாம்னு இருந்தேன். நீ என்னடான்னா ஒவ்வொரு தடவையும் பறவையத் தூக்கிட்டு வந்து நின்ன."

"நான் வந்து என்ன கேக்கணும், மாமா?"

"ஏன் வெடிக்கலன்னு. கேப்பையும் எண்ணெயில ஊறப்போட்டுச் சாகடிச்சுட்டேன். மூணு வருஷமா நான் அதுல மருந்தே போடலியே."