இஞ்சின் இல்லாத சார்ஜர்

விவாகரத்தின்போது லைலும் கொரினும் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். அறுபத்தொன்பதாம் வருடத்து டாட்ஜ் சார்ஜர் காரை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதனால் சனிக்கிழமைதோறும் கொரின் டொலீடோ நகரத்திலிருந்து வந்து, முன்னாள் கணவனின் ஷெட்டில் அவனோடு சேர்ந்து வண்டியின் துருவைத் தேய்த்தாள்.

இந்தக் குளிர்காலத்தில் இஞ்சினைக் கழற்றிப் பார்த்தால், சரிசெய்ய முடியாத விரிசல்.

"போதும் லைல், வித்துடலாம்" என்றாள். அவனும் தலையாட்டினான்.

வாங்க வருவதாகச் சொன்ன பெக்கர் என்ற வியாபாரிக்காகக் காத்திருந்தார்கள். வெளியே பனி கொட்டியது. கொரின் தற்செயலாக பானெட்டில் கை வைத்தாள். நெடுந்தூரம் ஓடி வந்து நின்றதுபோல் சூடாக இருந்தது.

"ஹீட்டர் ஏதாவது வச்சியா?"

"இல்லையே." அவனும் தொட்டான், கையை எடுக்கவில்லை.

பானெட்டைத் தூக்கினார்கள். உள்ளே ஒன்றுமில்லை, கீழே சிமென்ட் தரை தெரிந்தது.

பெக்கர் வந்து அதே இடத்தைத் தட்டினார். "அப்பாடி, ஐஸ்கட்டி மாதிரி இருக்கு! என்ன விலை சொல்றீங்க?"

லைல் கொரினைப் பார்த்தான்.

"விக்கலைங்க" என்றாள் அவள்.

"இதைச் சொல்லவா மேடம், இந்தப் பனியில என்னை வரவழைச்சீங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

இருவரும் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். காலடித் தகரமும் சூடாக இருந்தது.

"எங்க போகலாம்?" என்றான் லைல்.

கொரின் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "ஏரிப் பக்கம். மெதுவா போ."

சற்று நேரத்தில் இருவரும் ஒரே பக்கமாக மெல்லச் சாய்ந்தார்கள், வண்டி வளைவில் திரும்பும்போது சாய்வதுபோல.