அந்தரத்தில் ஒரு சக்கரம்

வண்டியில் அவன் உட்கார்ந்திருந்த பக்கத்து முன்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டது.

ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தான். சக்கரத்துக்குக் கீழே ஒரு முழம் வெறும் காற்று. அதற்குக் கீழே பாறை. பாறைக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

தவமணி ஸ்டியரிங்கை விடவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை. இவளோடுதான் பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தினோமா என்று இருந்தது அவனுக்கு.

வழுக்குப்பாறை. மேலே பதினெட்டு வீடு உள்ள அவர்கள் ஊருக்கும் கீழே உள்ள உலகத்துக்கும் நடுவில் அது படுத்துக் கிடக்கிறது. அதுவரைக்கும் ஜீப் வரும். அதற்கு மேல் கால்தான் வண்டி.

அவனுக்குக் கால் இருக்கிறது. சொன்ன பேச்சுக் கேட்காது, அவ்வளவுதான். நான்கு வருஷத்துக்கு முன் மிளகு பறிக்கும்போது ஏணியோடு விழுந்தான். மூங்கிலில் போர்வையைக் கட்டி, டோலியில் போட்டு, நான்கு பேர் கீழே தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அதே டோலியில் திரும்பக் கூட்டிப்போகிறோம் என்று அதே நான்கு பேர் பலமுறை வந்தார்கள். அவன் ஒப்பவில்லை; அடிவாரத்திலேயே தங்கிவிட்டான். அந்த மலையின் வழக்கம் அப்படி. உயிரோடு இருப்பவன் டோலியில் மலையிறங்குவான். டோலியில் மலையேறுவது ஆஸ்பத்திரியில் செத்தவன் மட்டும்தான்.

"நாலு பேரு தோள்ல நான் ஊருக்குள்ள வந்தா, பாக்கிற மாத்திரத்துல எங்காத்தா ஒப்பாரி வச்சிரும்" என்றான்.

தவமணி மறுவாரம் அடிவாரத்தில் சுருளியின் வண்டி ரிப்பேர் பட்டறைக்கு வேலைக்குப் போனாள்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு கிழட்டுப் பிக்கப் வண்டி புல் முளைத்துக் கிடந்தது. பின்சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி. முன்சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் பாறை ஏறும். பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ராணுவ ஜீப்பில் முன்சக்கரங்களைச் சுற்றவைக்கிற ஆக்சில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"நீ தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் இது மலையேறாது தாயி" என்றார் சுருளி.

தவமணி பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். பூட்டிவிட்டாள்.

ஆக்சிலில் பல்சக்கரங்கள் அடங்கிய இரும்புக் குண்டு, இந்த வண்டிக்கு இடப்பக்கம் வரவேண்டியது, வலப்பக்கம் வந்து நின்றது. அதற்கென்ன என்று ஆக்சிலையே தலைகீழாகப் புரட்டிப் பூட்டினாள். பார்க்கக் கச்சிதமாக இருந்தது. தெருவுக்குக் கொண்டுவந்து கியர் போட்டாள். பின்சக்கரங்கள் முன்னால் போகப் பார்த்தன. தலைகீழான ஆக்சிலால் முன்சக்கரங்கள் பின்னால் போகப் பார்த்தன. வண்டி நின்ற இடத்திலேயே தன்னோடு தானே சண்டை போட்டது.

தெருவே சிரித்தது. வாசல் கட்டிலில் கிடந்த அவனும் சிரித்தான். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் எல்லாவற்றையும் கழற்றினாள். இந்த முறை திசை சரியாக வரும்படி முதலிலிருந்து பூட்டினாள். ஸ்பிரிங் பட்டைகள் கூட்டி வண்டியின் மூக்கை உயர்த்தினாள்.

பிறகு ஒருநாள் அந்தக் குண்டைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களை ஒன்றோடு ஒன்று வெல்டிங்கில் பற்றவைத்துவிட்டு வந்தாள். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் வண்டியின் பலமெல்லாம் அதற்கே போய்விடுமாம். பாறையில் நிற்கிற சக்கரம் சும்மா நிற்குமாம். பற்றவைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றியாக வேண்டுமாம். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். அவனுக்கு ஒரு எழவும் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

இன்று காலையில் அவன்தான் சொன்னான், இன்றைக்கு ஏறாவிட்டால் இனி ஊர்ப் பேச்சே வேண்டாம் என்று. மழை தொடங்கப்போகிறது. அவனுக்கும் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு அலுத்துவிட்டது.

அந்தரத்தில் சக்கரம் சுற்றத் தொடங்கியது.

மெதுவாகத்தான் சுற்றியது. ஒட்டியிருந்த சேறு பொட்டுப் பொட்டாக விழுந்தது.

பின்னால் பாசியில் டயர் வழுக்கியது. வண்டி ஒரு சாண் கீழே சரிந்தது.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அறுபதடி மரத்தில் ஒற்றை மூங்கிலில் நின்று மிளகு பறித்தவன்.

இரும்பு முனகியது. ரப்பர் தீய்ந்து நாறியது. போச்சு என்று நினைத்தான்.

பிறகு, மேலே இருந்து யாரோ கைகொடுத்துத் தூக்குவதுபோல, முன்பக்கம் எழும்பியது. அவள் பக்கத்துச் சக்கரம் பாறையைப் பற்றிவிட்டது. தொங்கிய சக்கரம் அதோடு சேர்ந்து சுற்றி வந்து மண்ணைத் தொட்டது. அந்தத் தொடுகையை அவன் முதுகெலும்பில் அறிந்தான்.

கண்ணைத் திறந்தான்.

முன்கண்ணாடி நிறைய வானம். வண்டி நிமிர்ந்ததும் வானம் விலகி, சமதரை வந்தது.

வழுக்குப்பாறை பின்னால் கிடந்தது. சின்னதாக, ஒன்றும் தெரியாததுபோல.

அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த மலையில் யானை ஏறுவதைப் பார்த்திருக்கிறான். வெள்ளம் பாறையைப் புரட்டுவதைப் பார்த்திருக்கிறான். எதற்கும் இப்படி அசந்ததில்லை. பக்கத்தில் இருந்தவளின் கைகளைப் பார்த்தான். முழங்கைவரை கிரீஸ்.

அங்கே வேலிக்குப் பின்னால் அவன் வீட்டுக் கூரை. வாசலில் அவன் ஆத்தா, நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஒப்பாரி இல்லை. வாய் திறந்தபடி இருந்தது.

"வீடு தெரியுதுங்க" என்றாள் தவமணி.

அவன் வீட்டைப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கண்ண மூடிட்டேன் தவமணி" என்றான். "கீழ எறக்கு. இன்னொருக்கா ஏத்து."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் முறையாக.

ரிவர்ஸ் கியரைப் போட்டாள்.