ஐந்து மணிப் பூட்டு

நாற்பத்தெட்டு மணி நேரக் கெடுவில் பதினெட்டு நிமிடம் மிச்சமிருந்தபோது, நூலகர் வந்து கையெழுத்துத் தாள்களை வாங்கிக்கொண்டார். வாசிப்பறையில் இதெல்லாம் கூடாது என்று மட்டும் சொன்னார்.

மாணவர் பேரவைச் செயலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மாலை நேரத்துக்கு இன்னொருவரை நியமித்து, கல்லூரி நூலகத்தை எட்டு மணி வரை திறந்து வைக்கக் கேட்கும் மனு அது. இந்தக் கல்லூரியில் படிப்பவர்கள் முந்நூறு பேர் கையெழுத்திட்டு, ஐந்து மணிக்குள் முதல்வர் அறைக்குப் போனால்தான் எடுத்துக்கொள்வார்கள். தவறினால் அடுத்த ஆண்டு.

அவளுக்கு இது கடைசி ஆண்டு. வீட்டில் ஒரே அறை, ஆறு பேர், ஓயாத டிவி.

மதியமே முந்நூறு சேர்ந்துவிட்டது. அலுவலகத்தில் பதிவு எண்களைச் சரிபார்த்து ஒன்றை அடித்துவிட்டார்கள். இயற்பியல் ஆய்வகத்தில் போட்ட ஒருவன், ஆர்வக் கோளாறில் கேன்டீனிலும் போட்டிருந்தான்.

வகுப்புகள் மூன்றரைக்கே முடிந்து வளாகம் வெறிச்சோடியிருந்தது. வாசிப்பறையில் இருந்த நான்கு பேரும் ஏற்கெனவே போட்டவர்கள்.

கூட வந்திருந்த பேரவைப் பொருளாளரை எல்லோரும் 'ஒலிபெருக்கி' என்பார்கள். அன்றுதான் அவள் முதன்முறையாகக் கிசுகிசுத்தாள். "பேசாம ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு நானே கிறுக்கிடறேன்டி."

"ஒண்ணு பொய்யின்னா மிச்சமெல்லாம் பொய்யாயிடும்," என்றாள் செயலாளர்.

நூலகர் தன் மேசையில் உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவருடைய பட்டப்பெயர் 'அஞ்சு மணி'. ஐந்தடித்தால், பாதி வரியில் இருப்பவரையும் எழுப்பிவிட்டுப் பூட்டுவார். பிறகு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசல் பக்கம் போகாமல் வகுப்புக் கட்டடத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போவார். சாவியை ஒப்படைக்கப் போகிறார் என்று பேச்சு.

அந்தச் சாவியை இன்னொருவரிடம் கொடுக்க அவருக்கு மனசு வராது, மனுவை அமுக்கிவிடுவார் என்று ஒலிபெருக்கி முதல் நாளே சொல்லியிருந்தாள். போதாக்குறைக்கு, எத்தனை சேர்ந்திருக்கிறது என்று அவர் இரண்டு முறை விசாரித்திருந்தார்.

மணி நான்கு ஐம்பது. செயலாளர் மேசையருகே போய், தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒரு கையெழுத்து குறைகிறது, பஸ் நிறுத்தத்தில் யாராவது நிற்கிறார்களா என்று ஓடிப் பார்க்க வேண்டும், தாள்களைக் கொடுத்தால் நல்லது.

அவர் நிமிரவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இன்னொரு கையெழுத்தையும் அடித்துவிடப் போகிறார் என்று அவள் பயந்தாள். கடைசித் தாளின் அடியில் நிதானமாகத் தன் கையெழுத்தைப் போட்டார்.

ஒலிபெருக்கிக்குக் குரல் திரும்பி வந்தது. "சார், நல்ல மனசோடதான் போடறீங்க. ஆனா இங்க வேலை பாக்கறவங்க போட்டா செல்லாது. ஸ்டூடண்ட்ஸ் மட்டும்தான்."

"தெரியும்மா," என்றார். பக்கத்துக் கட்டத்தில் ஒரு பதிவு எண்ணையும் எழுதினார், எதையும் பார்க்காமலே.

அவர் தாள்களைத் தட்டி அடுக்கி நீட்டினார்.

"இங்கயேதான், ஈவினிங் காலேஜ், ஃபர்ஸ்ட் இயர். ஆறரைக்குக் கிளாஸ் முடிஞ்சு படிக்கலாம்னு வந்தா, எவனோ லைப்ரரியப் பூட்டிட்டுப் போயிடறான்மா."