பின் சீட்

வெல்டர் உடைந்த கார்களிலிருந்து வீட்டுச் சாமான் செய்து விற்பவர். பிரேக் தட்டு சுவர்க் கடிகாரமாகும், ஸ்பிரிங் முக்காலியாகும். விபத்தில் மகளைப் பறிகொடுத்த சொந்தக் காரை மட்டும் அவர் விற்கவில்லை. அதன் பின் சீட்டுக்குக் கால் வைத்து, சோபாவாகக் கூடத்தில் போட்டார். சோபா செய்யும்போது சீட் பெல்ட்டை அறுத்துவிடுவது வழக்கம். இதை அறுக்க மனசு வரவில்லை. விபத்து நேரத்தில் போட்டிருந்த பெல்ட் என்றால் இழுபட்டு நூல் பிரிந்திருக்கும். இது புத்தம் புதிதாக இருந்தது. பெல்ட் போடச் சொன்னால் மகள் என்றைக்குக் கேட்டாள்?

காலையில் மனைவி கூட்ட வரும்போது பெல்ட் மாட்டியிருக்கும். பொத்தானை அழுத்திக் கழற்றிவிடுவாள். மறுநாளும் மாட்டியிருக்கும்.

இன்று கேட்டேவிட்டாள். “ஏங்க, தினமும் இதை மாட்டி வச்சு என்னத்தைக் காணப் போறீங்க?”

“நானா? நீதான் மனசு கேக்காம மாட்டுறேன்னு நினைச்சேன்.”

இருவரும் சீட்டைப் பார்த்தார்கள். பெல்ட் மெத்தையோடு படிந்து கிடக்கவில்லை. ஒரு சின்ன வயிற்றின் அளவுக்கு எழும்பி, வளைந்து, இறுக்கமாக நின்றது.

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

“இப்பப் போட்டு என்னடி பண்ண, கண்ணு?”