தாயின் பெயர் என்ற வரி

பிற்பகல் வெயில், ரெசிஃபே நகரின் இலவச வழக்கறிஞர் அலுவலக மேசைமீது கோடு கோடாக விழுந்து கிடக்கிறது. கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்த டோனா சுலெய்டியின் நகக்கண்ணில் இன்னும் மரவள்ளி மாவு. மகனின் வழக்கு அடியோடு முடிந்தது என்கிற நீதிமன்றச் சான்றைச் சூடான தட்டைப் போல விரல்நுனியால் நகர்த்துகிறாள். அவனுக்கு ஆறு வருஷச் சிறை. அதில் ஒரு வருஷம், முன்பே ஒரு குற்றம் செய்தவன் என்பதற்காகக் கூட்டியது. “முடிஞ்சுபோச்சுன்னு சீல் குத்தியிருக்கான். இதையா சிரிச்சிக்கிட்டே வாங்குறீங்க, டொட்டோரா?” அந்த ‘டொட்டோரா’, வழக்கறிஞர் இராசெமா, இன்னும் சிரிக்கிறாள். “மேல்முறையீட்டுக்கு அஞ்சே நாள். உங்க பழைய வக்கீல் கோட்டை விட்டுட்டாரு. முடிஞ்ச தீர்ப்பைத் திரும்பப் பாக்கச் சொல்ற சீராய்வு வேற, டோனா. எல்லாம் முடிஞ்சாத்தான் அந்தக் கதவே திறக்கும். அதுக்கு நாள் கணக்கு கிடையாது. ஆள் செத்தாக்கூட அவன் அம்மா மனு போடலாம்.” “நான் உயிரோட இருக்கிறவனுக்குக் கேக்குறேன். கேக்கப்போய் தண்டனையைக் கூட்டிப்புட்டா?” “குறைக்கலாம், கூட்ட முடியாது. ஆனா புதுசா ஒண்ணு காட்டணும்.”

மின்விசிறி காகித ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது. இராசெமா அந்தப் பழைய குற்றத்தின் பதிவை அவள் பக்கம் திருப்பி வைக்கிறாள். மகனின் அதே பெயர், அதே ஊர். அடுத்து, தண்டனை எழுதிய நீதிபதி படிக்காமல் தாண்டிய வரி. தாயின் பெயர்: செவெரினா. “யாரு இவ?” “அதைக் கேக்கத்தான் உங்களை வரச்சொன்னேன். அந்தப் பழைய குத்தம் இவ மகனோடது.” சுலெய்டி தன் அடையாள அட்டையை எடுக்கிறாள், பாவாடையில் மாவைத் துடைக்கிறாள், அந்த வரிக்கு நேர் கீழே வைக்கிறாள். “என் பேரை எழுதிக்கங்க. அவனைப் பெத்தவ நான்.”