பெயர்த் திருத்தம்

மூன்றாவது கடிதத்திலும் பெயர் தப்பு.

முதல் கடிதம் ‘டொரீன் கோடில்’ என்று வந்தது. இரண்டாவது ‘லொரீன் கோட்வெல்’. இப்போது ‘ஃப்ளோரீன் கோடில்’.

லொரீன் கோடிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கென்டக்கி மலைப்பக்கத்து நிலக்கரி ஊர் அது. அந்தச் சின்ன கிளினிக்குக்கு நர்ஸும் அவள்தான், பொறுப்பாளரும் அவள்தான்.

“ஃப்ளோரீனா?” மருந்து ஏறிக்கொண்டிருந்த கையோடு ஹோபார்ட் எட்டிப் பார்த்தார். முப்பது வருஷம் சுரங்கத்தில் கரித்தூளைத் தின்ற நுரையீரல். ஒரு வாக்கியம் பேச இரண்டு தடவை மூச்சு வாங்குவார். “நல்லாத்தானேம்மா இருக்கு. சினிமாக்காரி பேரு மாதிரி.”

“சும்மா இருங்க ஹோபார்ட். சாவு ஓலை அனுப்புறவங்க பேரையாவது சரியா எழுத வேணாமா?”

சாவு ஓலைதான். நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனை ஒரு நுரையீரல் ஆராய்ச்சி நடத்தியது. அதில் இந்தக் கிளினிக்குக்குத் துணை ஒப்பந்தம். ஊரில் பதினோரு பேருக்கு வாரம் தவறாமல் புது மருந்து ஏற்ற வேண்டும். ஆகஸ்ட் பதினாலோடு சுற்று முடியும். நடுவில் நிறுத்தினால் இதுவரை ஏற்றியதெல்லாம் வீண்.

மேலே யாரோ நிதியை நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தம் ரத்து, கடிதம் கிடைத்த மறுநாளே மருந்து நிற்கும் என்று முதல் கடிதத்திலேயே போட்டிருந்தது. என்ன குளறுபடியோ, மருந்துப் பெட்டி மட்டும் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. இந்த வாரம் நிற்குமோ, அடுத்த வாரம் நிற்குமோ என்று லொரீன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையின் ஒப்பந்தப் பிரிவுக்கு ஃபோன் போட்டாள். எடுத்தது மிசஸ் பிரிபிலா. போன வருஷம் ஒரு காற்புள்ளி இல்லை என்று லொரீனின் அறிக்கையை இரண்டு தடவை திருப்பி அனுப்பிய புண்ணியவதி.

“மூணாவது தடவையா என் பேரைத் தப்பா எழுதியிருக்கீங்க!”

“அப்படியா? வாங்கிக்காதீங்க. திருப்பி அனுப்பிடுங்க.”

“சரியான பேரை இப்பவே சொல்றேன், எழுதிக்கோங்க.”

“ஃபோன்ல சொன்னா ஏத்துக்க முடியாதும்மா. ஈமெயிலும் வேணாம். தபால்ல அனுப்புங்க. சாதாரணத் தபால்.”

“அது வந்து சேர்றதுக்கே பத்து நாள் ஆகும்!”

“ஆகட்டும்.”

“எங்களைப் பார்த்தா உங்களுக்கு மனுஷங்களாத் தெரியலையா?”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“இங்க பேசுறதெல்லாம் பதிவாகுது, மிஸ் ஃப்ளோரீன்” என்றாள் பிரிபிலா. ஃபோன் வைக்கப்பட்டது.

வேண்டுமென்றேதான் அப்படிக் கூப்பிட்டாள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை! லொரீனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மத்தியானம் சோள ரொட்டியைத் தொடக்கூட இல்லை. உட்கார்ந்து, அந்தப் பிரிவின் இயக்குநருக்கே ஈமெயில் அனுப்பினாள். பதினோரு பேர் பெயரையும் எழுதினாள். யார் யாருக்குப் படி ஏற முடிகிறது, யார் இப்போது மூச்சு முட்டாமல் படுத்துத் தூங்குகிறார்கள் என்றெல்லாம் எழுதினாள். இன்னும் ஆறே வாரம், ஆகஸ்ட் பதினாலு வரைக்கும் கொடுங்கள் என்று கெஞ்சினாள். மனசு ஆறாமல் கடைசியில் இதையும் சேர்த்தாள்: ‘மூன்று கடிதம், மூன்று தப்புப் பெயர். உங்கள் மிசஸ் பிரிபிலாவுக்கு நாங்கள் என்றால் அவ்வளவு இளக்காரம்.’

ஆறாம் நாள் பதில் வந்தது. ஈமெயிலில், கடிதத்தை இணைத்து.

‘லொரீன் ஏ. கோடில்.’ நடு எழுத்து உட்பட அச்சுப் பிசகாமல் இருந்தது.

ஒப்பந்தம் இன்றோடு ரத்து. பெயர்ப் பிழைக்கு நிர்வாகம் மனமார வருந்துகிறது. ஆறு வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் பெட்டி வரவில்லை. ஹோபார்ட் வழக்கம்போலச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தார்.

“ஏம்மா, இன்னைக்கு எனக்கு இல்லையா?”

அந்த மனிதரிடம் என்னவென்று சொல்வது? லொரீன் உள்ளே போய் ஒப்பந்தப் பிரிவுக்கு ஃபோன் போட்டாள். ஒரு புதுக் குரல் எடுத்தது. பெயர் டெவனாம். உற்சாகமான ஆள்.

“மிசஸ் பிரிபிலா இல்லையா?”

“அவங்களை வீட்டுக்கு அனுப்பியாச்சு மேடம். உங்க ஈமெயில்தான் ஆதாரம். ரொம்ப நன்றி.”

“மருந்து... திடீர்னு ஏன் நின்னுச்சு?”

“இப்பத்தானே மேடம் சரியான பேர்ல கடிதம் வந்திருக்கு? பேர் தப்பா இருந்தா கடிதம் செல்லாது. செல்லாத வரைக்கும் மருந்தை நிறுத்த எங்களுக்கு அதிகாரம் கிடையாது.”

லொரீன் கதவிடுக்கு வழியாக ஹோபார்ட்டைப் பார்த்தாள்.

“ஆச்சரியம் என்னன்னா மேடம், இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல அந்தம்மா வேற எதுலயும் ஒரு எழுத்துகூடத் தப்பு விட்டதில்லையாம். மேசையைக் காலி பண்றப்போ ஒரு தாள் கிடைச்சுது. உங்க பேரை அஞ்சு விதமாத் தப்பா எழுதி வச்சிருக்காங்க. மூணை மட்டும் கோடு போட்டு அடிச்சிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு தேதி. கடைசித் தேதி ஆகஸ்ட் பதினாலு...”

டெவன் சிரித்தான்.

“அன்னைக்கு உங்க ஊர்ல ஏதாவது விசேஷமா மேடம்?”