மூணு கிலோ நூறு

பயிற்சிக்கூடத்தில் பதினான்கு பேர் மணல் குழந்தைகளை எடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். துண்டில் சுற்றிய மணல் பைகள்; ஒவ்வொன்றும் சரியாக மூன்று கிலோ. ஜன்னல் வெயில் தராசுத் தட்டில் பட்டுக் கூரையில் துள்ளுகிறது. பயிற்சி முடிந்ததும் வீடு வீடாகப் போய்ப் பச்சைக்குழந்தைகளை எடை போடப்போகும் இந்தச் சுகாதாரப் பணியாளர்களில் அவன் ஒருவன்தான் ஆண். அவன் பை மட்டும் மூன்று கிலோ நூறு காட்டுகிறது. “என்ன தம்பி, உங்க பிள்ளை மட்டும் கொழுகொழுன்னு இருக்கு?” என்கிறாள் பயிற்சி தரும் நர்ஸ். “முந்தாநாள் இவருக்குப் பொண்ணு பொறந்திருக்கு சிஸ்டர். மூணு நூறாம். அதான் மணலை அள்ளிப் போட்டுட்டார்” என்று போட்டுக்கொடுக்கிறாள் பக்கத்து மேஜைக்காரி. அறையே சிரிக்கிறது. “போய்ப் பார்த்தீங்களா?” என்கிறாள் நர்ஸ். “நடுவுல போனா சான்றிதழ் கிடையாதே சிஸ்டர். இன்னும் எட்டு நாள்.” பையின் தலைப்பக்கத்தை அவன் உள்ளங்கை தாங்கியபடியே இருக்கிறது.

சட்டைப் பையில் போன் அதிர்கிறது. மனைவி. ‘பால் நல்லாக் குடிக்கிறா. ஆனா இன்னிக்கு ரெண்டு தொள்ளாயிரம்தான். பயமா இருக்குங்க.’ பிறந்ததும் எடை கொஞ்சம் இறங்கும், பத்து நாளில் ஏறிவிடும் என்று காலையில் கரும்பலகையில் எழுதி விளக்கிக் கைத்தட்டல் வாங்கியவனே அவன்தான். அதையே தட்டி அனுப்புகிறான். பிறகு பையின் முடிச்சை அவிழ்த்துக் கரண்டியை எடுக்கிறான். இருநூறு கிராம் அள்ள வேண்டும். கரண்டி மணலில் இறங்கி நிற்கிறது. அள்ளத்தான் கை வரமாட்டேன் என்கிறது.